சிட்டு, ஏழு புள்ளி ரெண்டு

ஹலோ… ஹலோ, பல் கிளினிக்தானே?… டாக்டர் இருக்காங்களா? பெரிய டாக்டர் இல்லங்க, லேடி டாக்டர்… அப்பாயின்மென்ட் எல்லாம் வேணாம், பேசணும்… நான் அவங்க நாத்தனார்… நாத்தனார்ங்க. அவங்க வீட்டுக்காரரோட தங்கச்சி… என்னது? போனைக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா?… வீட்டு ஆளுங்க எல்லாருக்குமா, இல்ல…

ஓ. நாத்தனாருக்கு மட்டும்.

சரி, அப்ப பல் வலின்னே எழுதிக்கோங்க… எந்தப் பல்லா? கடைவாய்ப் பல்… மேல… இல்ல இல்ல, கீழ. ஏங்க, எந்தப் பல்லா இருந்தா என்ன, வலிக்குது!… ரத்தமா? வருது. வாய் நிறைய வருது. நீங்க குடுங்க அவங்ககிட்ட… நன்றிங்க. ரொம்ப நன்றி.

…

அண்ணி? நான்தான். வைக்காதீங்க, வைக்காதீங்க, ப்ளீஸ்… ஆமா, பொய்தான் சொன்னேன். காலையிலேர்ந்து உங்க செல்லுக்கு அடிக்கறேன், நீங்க எடுக்கல, வேற என்ன பண்ணச் சொல்றீங்க?… மேடமா? அண்ணி, என்னைப் போய் மேடம்னு… சரி. கூப்பிடுங்க. எப்படி வேணா கூப்பிடுங்க.

பேஷண்ட் உக்காந்திருக்காரா?… ஊசி போட்டாச்சா? அப்போ மரத்துப் போற வரைக்கும் நேரம் இருக்குல்ல?… அதுக்குள்ள முடிச்சுடறேன். சத்தியமா.

சிட்டு விஷயம்… தெரியும். தெரியும் அண்ணி, குரூப்லேர்ந்து உங்களை எடுத்தது நான்தான். அதைப் பேச இப்ப கூப்பிடல. எனக்கு ஒரே ஒரு பாஸ்வேர்ட் வேணும். நீங்க போன தடவை முத்திரை குத்தி அனுப்பினீங்களே, அந்தப் பாஸ்வேர்ட். அது இல்லாம ஒரு அப்டேட்டும் வெளிய போகாது. நானும் என்னென்னவோ போட்டுப் பாத்துட்டேன்… எதுக்கா? ஏழு புள்ளி நாலைத் தூக்கிட்டு, பழைய ஏழு புள்ளி மூணையே எல்லாருக்கும் திருப்பி அனுப்பப் போறேன். இன்னைக்கே. இப்பவே.

பின்ன என்ன அண்ணி? மெயில் பொட்டி நிரம்பி வழியுது. எல்லாம் ஒரே பாட்டு. ‘சேமிச்சு வச்ச பக்கத்தைக் காணோம்.’ நம்ம சிட்டு பிரவுசரை ஜனங்க எதுக்கு வச்சிருக்காங்க? கலர் பாத்தா? நெட் இல்லாத இடத்துலயும் சேமிச்சதைத் திறந்து படிக்கலாம், அதுக்குத்தானே. ஒரு டீச்சர் எழுதியிருக்காங்க, மலை மேல இருக்காங்களாம். வாரத்துக்கு ஒரு நாள் கீழ இறங்கி வந்து, நெட் கிடைக்கற கடையில உக்காந்து, பிள்ளைங்களுக்கு வேண்டிய பாடம் எல்லாத்தையும் சிட்டுல சேமிச்சுக்கிட்டு மேல ஏறுவாங்களாம். வகுப்புல பழைய பாடத்தைத் திறந்து பாத்தா வெள்ளை. வெறும் வெள்ளை. முப்பது பிள்ளைங்க முன்னாடி.

அதான் சொல்றேன், நீங்க அனுப்பின ஏழு புள்ளி நாலு வந்த வாரத்துலதான் இதெல்லாம்… குத்திக் காட்டணும்னு இல்ல அண்ணி. நடந்ததைச் சொல்றேன்.

என்ன?… மூணைத் திருப்பி அனுப்பினாலும் போகுமா? எப்படிப் போகும்? மூணுல புதுசா என்ன இருக்கு, எழுத்தைப் பெருசாக்கற பட்டனை மேல கொண்டு வந்தோம், அவ்வளவுதானே… போட்டுப் பாக்கணுமா. இப்பவா?… சரி சரி, கோவப்படாதீங்க. நீங்க கோவப்படலையா? சரி. பழைய லேப்டாப்புல மூணு இன்னும் இருக்கு. இருங்க, அதை இழுத்துக்கறேன். ஒயர் எங்கேயோ மாட்டிக்கிச்சு… ம். திறந்துட்டேன்.

பாருங்க. சேமிச்ச பக்கம் எல்லாம் இருக்கு. வரிசையா இருக்கு. இதைத்தான் நான்…

தேதியா? கம்ப்யூட்டர் தேதியை எதுக்கு மாத்தணும்?… அடுத்த மாசத்துக்குத் தள்ளணுமா. மாத்திட்டு, சிட்டுவை மூடித் திறக்கணும். சரி. எதுக்குன்னு சொல்ல மாட்டீங்க. சரி, மாத்தறேன்… மூடிட்டேன்… திறக்குது…

…

இருங்க. மறுபடி ஒரு தடவை.

…

காணோம் அண்ணி. ஒரு பக்கம் கூட இல்ல.

சரி. அப்போ தப்பு மூணுலயே இருந்திருக்கு. ஆனா அதையும் நீங்கதானே அனுப்பினீங்க?… இல்ல, நான் பழி சொல்லல, கேட்டேன். கேக்கக் கூடாதா?… ரெண்டா? ரெண்டையும் போட்டுப் பாக்கணுமா? ஏழு புள்ளி ரெண்டு நான் அனுப்பினது அண்ணி. அது முழுக்க என் கையால… அதுல ஒண்ணும் இருக்காது… போடறேன். போடறேன்னு சொன்னேன்ல. பழைய வெர்ஷன் எல்லாம் ஒரு டிஸ்க்குல இருக்கு, தேடி எடுக்கணும்.

நீங்க போய்ப் பேஷண்டைப் பாத்துட்டு வரீங்களா? உதடு மரத்துடுச்சான்னா? போங்க, போங்க. நான் லைன்லயே இருக்கேன்.

…

ம்… ரெண்டு… ரெண்டு… இதோ. ஏறு, சீக்கிரம் ஏறு… பழைய பக்கத்தைக் காப்பி பண்ணி உள்ள போட்டாச்சு. இருக்கா? இருக்கு. பாத்தியா, இருக்கு. இப்ப தேதி… அடுத்த மாசம்… மூடு… திற…

…

ஐயோ.

…

ஹலோ? ஆங், அண்ணி, வந்துட்டீங்களா. இன்னும் மரக்கலையா அவருக்கு? இன்னொரு ஊசியா?… இல்ல, நான் இன்னும் பாக்கல. லோட் ஆயிட்டே இருக்கு. பழைய லேப்டாப் இல்லையா, ரொம்ப மெதுவா…

ஆமா, மெதுவா இருக்கு.

அண்ணி. லோட் ஆயிடுச்சு. அப்பவே ஆயிடுச்சு. நீங்க வரதுக்குள்ள பாத்துட்டேன். இப்ப சொன்னது பொய்.

காணோம். ரெண்டுலயும் காணோம்.

ஒண்ணையும் போட்டுப் பாக்க வேணாமா? உங்களுக்குத் தெரியுமா?… இல்ல, நான் பாக்கறேன். எனக்குப் பாத்தாகணும். ஏழு புள்ளி ஒண்ணு… ஏறுது… தேதி… திறக்கறேன்.

இருக்கு. எல்லாமே இருக்கு. ஒண்ணு கூடப் போகல.

அப்போ ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுலதான். அதாவது நான்தான்.

என்ன மாத்தினேன்னா… தெரியும் அண்ணி, யோசிக்கவே வேணாம். திறந்து பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. மூட்டை. சேமிச்ச பக்கம் எல்லாம் போய்ச் சேர்ற ஃபோல்டருக்கு நீங்க மூட்டைன்னு பேர் வச்சிருந்தீங்க. முதல் நாளே வச்சது. ‘மூட்டை கட்டி எடுத்துட்டுப் போற மாதிரி’ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. எனக்கு அந்தப் பேர் பிடிக்கல. பிடிக்கலன்னு உங்ககிட்டச் சொல்லல. வெளிநாட்டுல யாராவது உள்ள திறந்து பாத்தா கேவலமா நினைப்பாங்கன்னு… நீங்க ஊர்ல இல்லாதப்ப ஆர்க்கைவ்னு மாத்திட்டேன். கௌரவமா இருக்கட்டும்னு. ஒரு பேருக்காக அண்ணி. ஒரு வேலையும் இல்லாத ஒரு பேருக்காக.

ஆமா, துடைப்பம். அதே ரெண்டுல அதையும் நான்தான் சேர்த்தேன். ஒரு மாசமா யாரும் தொடாத ஃபோல்டர் ஏதாவது கிடந்தா, குப்பைன்னு துடைச்சுத் தள்ளிடுன்னு எழுதி வச்சேன், இடம் அடைக்கக் கூடாதுன்னு. புதுசா சேமிக்கறது எல்லாம் ஆர்க்கைவுக்குப் போயிடும். பழசு மூட்டையிலயே கிடக்கும். படிக்கலாம், ஆனா அதுல புதுசா எதுவும் சேராது. ஒரு மாசம் தொடாம கிடந்தா… ஆமா. என் துடைப்பம் வந்து கூட்டிடுச்சு. அந்த ஒரு மாசம் முடியற நேரத்துல உங்க ஏழு புள்ளி நாலு போய்ச் சேர்ந்துச்சு, பழி உங்க மேல விழுந்துச்சு…

விழல. சரி. நான் போட்டேன்.

நீங்க சொல்லிட்டுத்தான் போனீங்க. உங்க அம்மாவுக்கு ஆபரேஷன்னு கிளம்பறப்ப, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு மாடிப்படியில நின்னு, ‘ரெண்டை நான் வந்து ஒரு தடவை பாத்துடறேன், அதுக்கப்புறம் அனுப்பு’ன்னீங்க. நான் சரின்னு தலையாட்டினேன். நீங்க வீட்டு வாசலைத் தாண்டினதும் அனுப்பிட்டேன். எனக்கு எதுக்கு ஒருத்தர் பாக்கணும்னு ஒரு திமிர்.

உங்களுக்கு எப்பத் தெரியும் இது?… சனிக்கிழமையேவா?… அப்போ ஞாயித்துக்கிழமை, சாப்பாட்டு மேஜையில… ‘நான் ஒண்ணு சொல்லணும்’னு ஆரம்பிச்சீங்களே. இதைத்தானா?

இதைத்தான் சொல்ல வந்தீங்களா அண்ணி.

ஐயோ, எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னே தெரியல. நீங்க மன்னிப்புக் கேக்கப் போறீங்கன்னு நினைச்சேன். அதுக்குள்ள நான் முந்திக்கிட்டு… இல்ல, நீங்க சொல்ல வேணாம். நான் என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு… நானே சொல்லணுமா?… சொல்றேன். ‘அண்ணி பல்லைப் பிடுங்கற வேலையோட நிறுத்திக்கட்டும், சிட்டுவைப் பிடுங்க வேணாம்’னு சொன்னேன். அம்மா, அப்பா, பெரியப்பா, பெரியம்மா எல்லாரும் இருக்கறப்ப. பெரியப்பா சிரிச்சார். அவர் சிரிச்சதும் எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு அண்ணி. அதையும் சொல்லிடறேன். சொல்லக் கேவலமா இருக்கு, ஆனா அப்படித்தான் இருந்துச்சு.

நீங்க தட்டை எடுத்துட்டுப் போய்க் கழுவி வச்சிட்டு, மேல போயிட்டீங்க.

அண்ணனா?… ஒண்ணும் சொல்லலையா? அன்னைக்கு ராத்திரி கூடவா?… ‘அவ சொன்னா ஏதாவது இருக்கும், விடு’ன்னுட்டானா.

அவ்வளவுதான் சொன்னானா.

அண்ணி, நீங்க ஹால் சோபாவுல படுக்கறதைப் பாத்தேன். இடுப்பு வலின்னு நினைச்சேன். இல்ல, இல்ல. இடுப்பு வலின்னு நினைக்கல. நினைச்ச மாதிரி எனக்கே சொல்லிக்கிட்டேன். நீங்க ஏன் காலையில எல்லாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கிளம்பறீங்கன்னும் தெரியும். தெரிஞ்சுதான் இருந்தேன்.

அழல. மூக்கு அடைச்சிருக்கு.

என்ன, டீச்சரா?… அவங்களோடது இன்னும் போகலையா? வெள்ளையா வந்துச்சுன்னாங்களே… ஓ, அது வேற கம்ப்யூட்டரா. ஸ்கூல் கம்ப்யூட்டர்ல போச்சு, அவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ரெண்டைப் பின்னாடிதான் ஏத்தினாங்க, இன்னும் மாசம் முடியல. உங்களுக்கு எப்படி இதெல்லாம்… நீங்களே அவங்களுக்கு எழுதிக் கேட்டீங்களா. அப்போ இன்னும் நிறைய பேருக்கு மூட்டை அப்படியே கிடக்குது! துடைப்பத்தை எடுத்துட்டு ஒரு அப்டேட் இப்பவே போச்சுன்னா, அவங்களோடதாவது பிழைக்கும்.

சரி. எழுதறேன். அழுதுட்டு உக்காந்திருக்க நேரமில்ல, தெரியுது. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன்… துடைப்பத்தை மொத்தமா எடுத்துடவா?… மொத்தமா. சரி. எடுத்துட்டேன். ஃபோல்டர் பேர்?… இல்ல அண்ணி, மூட்டைன்னே வைக்கறேன். திரும்ப மூட்டையே இருக்கட்டும்… உங்களுக்காக இல்ல. அது நல்ல பேர்… ஆர்க்கைவுல இருக்கறதைக் கூட இதுக்குள்ள கொண்டு வரணும், ஆமா, இல்லன்னா இந்த ஒரு மாசத்துல சேமிச்சது தொலைஞ்சு போயிடும். நல்லவேளை சொன்னீங்க. நான் மறந்தே போயிருப்பேன்.

தேதியை மாத்திப் பாக்கறேன்… இருக்கு. ரெண்டு மாசம் தள்ளிப் பாக்கறேன்… இருக்கு. ஒரு வருஷம்?… இருக்கு அண்ணி, எல்லாம் இருக்கு.

இப்ப அந்தப் பாஸ்வேர்ட். சொல்லுங்க… இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடம் விடாம. சரி… என், ஏ, ஏ… ம்… டி, எச், டி, எச்… நாத்… ம், நாத்தனார்… அப்புறம்?… சொன்னா… சரி.

‘நாத்தனார் சொன்னா சரி.’

இதுவா பாஸ்வேர்ட்? எப்ப வச்சீங்க அண்ணி இதை?… மூணை அனுப்பறப்பவா. ஊர்லேர்ந்து வந்து, நான் உங்களைக் கேக்காம ரெண்டை அனுப்பிட்டேன்னு தெரிஞ்சதும். இத்தனை நாளா ஒவ்வொரு தடவையும் இதை அடிச்சுத்தானா…

சிரிக்கலாம், நீங்க சிரிங்க. எனக்குச் சிரிப்பு வரல.

போயிடுச்சு அண்ணி. ஏழு புள்ளி அஞ்சு போயிடுச்சு. பச்சை காட்டுது. எடுத்துக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அப்புறம் அறிவிப்பு. ஒரு வரி போடணும். இருங்க, எழுதிட்டே வாசிக்கறேன். ‘கடந்த சில பதிப்புகளில் நேர்ந்த ஒரு தவற்றினால் சிலருடைய சேமித்த பக்கங்கள் அழிய நேரிட்டது. இதற்காக வருந்துகிறோம்.’ சரியா?… என்ன?… நேர்ந்ததா. ஆமா… தானா எப்படி நேரும்னா… அது எழுதற முறை அண்ணி, அறிவிப்புன்னா அப்படித்தான்… ‘வருந்துகிறோம்’ல இருக்கற ‘றோம்’ யாரா?

…

அதுல நீங்க இல்ல. சரி. அழிச்சுட்டேன்.

போன வாரம் நான் போட்டது எப்படி இருந்துச்சா? எதுக்கு அதை… வாசிக்கணுமா. திறக்கறேன்… ‘எங்களுக்குப் பகுதி நேரமாக உதவிவந்த ஒருவரின் கவனக்குறைவால் இது நிகழ்ந்தது. அவர் இனி இந்தப் பணியில் இல்லை.’

பகுதி நேரம். சிட்டுவை ஆரம்பிச்சதே நீங்க. இந்த மாடி ரூம்ல, ஒரே நாற்காலியில மாறி மாறி உக்காந்து… நான் பகுதி நேரம்னு எழுதியிருக்கேன். உங்களைக் குறை சொல்றப்ப மட்டும் யாரு பண்ணதுன்னு பளிச்சுன்னு எழுத வந்துச்சு எனக்கு. என் தப்புன்னா, அது தானா நேருது.

இருங்க. பேசாதீங்க ஒரு நிமிஷம். எழுதிட்டு வாசிக்கறேன்.

…

கேளுங்க. ‘சேமித்த பக்கங்களை அழித்தது ஏழு புள்ளி இரண்டாம் பதிப்பு. அதை எழுதியது நான். பிறர் சரிபார்க்கும் முன்பே வெளியிட்டதும் நான். போன வாரம் இந்தத் தவற்றை இன்னொருவர் மேல் சுமத்தி எழுதினேன். நான் எழுதியது பொய். அவர் சிட்டுவை என்னோடு சேர்ந்து உருவாக்கியவர். தவறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவரும் அவரே. இன்று வந்திருக்கும் ஏழு புள்ளி ஐந்தை உடனே ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னும் அழியாத பக்கங்கள் தப்பும். அழிந்துபோனவற்றை என்னால் மீட்டுத் தர முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.’

…

அண்ணி? இருக்கீங்களா?… ஏதாவது மாத்தணுமா?… ‘அவரே’ல ஏகாரம் வேணாமா. சும்மா ‘அவர்’ போதுமா. சரி. எடுத்துட்டேன். போட்டுட்டேன். கீழ என் பேர் போட்டு.

வந்துடுச்சு, வெளிய தெரியுது.

ஒண்ணு கேக்கணும். அந்த மெக்கானிக் ஐயா இருக்கார்ல? பழைய பஸ் இன்ஜின் படம் எல்லாம் சேமிச்சு வச்சிருந்தவர். அந்த வெப்சைட்டே மூடிப் போயிடுச்சாம், அவர்கிட்ட இருந்ததுதான் கடைசிக் காப்பியாம். அவரோடது போயிடுச்சுல்ல?… முழுசாவா… சரி. அவர் நம்பர் இருந்தா குடுங்க. நானே கூப்பிட்டுப் பேசறேன். எப்படிப் பேசுவேன்னு தெரியல, ஆனா…

நீங்க பேசிட்டீங்களா? எப்ப?… திங்கக்கிழமையா? அப்ப உங்களுக்குத் தெரியுமே, யாரோட தப்புன்னு. அவர்கிட்ட என்னன்னு சொன்னீங்க?

…

‘அந்தக் கவனக்குறைவான ஆள் நான்தான்’னா.

ஏன் அண்ணி? ஏன் அப்படிச் சொன்னீங்க?… வெளிய அப்படித்தானே எழுதியிருக்குன்னா. நீங்க வேற மாதிரி சொன்னா, சிட்டுவுக்குள்ளயே ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கறாங்கன்னு ஆயிடும்னா… அவர் என்ன சொன்னார்?… கத்தினாரா. எவ்வளவு நேரம்?… நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்களா? கிளினிக்ல, பேஷண்டுங்க உக்காந்திருக்கறப்ப?

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. அந்தத் திட்டு எனக்கு வர வேண்டியது. நம்பர் குடுங்க. குறிச்சுக்கறேன்… ம்… ம்… சரி. இன்னைக்கே கூப்பிடறேன். முதல்லேர்ந்து திட்டட்டும். திட்டி முடிச்சப்புறம், எந்தெந்த இன்ஜின்னு கேட்டு, எங்கேயாவது, யாருகிட்டயாவது அந்தப் படம் இருக்கான்னு தேடறேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன் அவர்கிட்ட. தேடறேன்னு மட்டும் சொல்றேன்.

மரத்துடுச்சா அவருக்கு?… இன்னும் ரெண்டு நிமிஷமா. சரி.

அண்ணி, குரூப்ல உங்களைத் திரும்பச் சேர்த்துட்டேன். இப்பத்தான்… வேணாமா?… இல்ல, நான் உடனே வாங்கன்னு சொல்லல, யோசிச்சு… யோசிச்சுட்டீங்களா. சரி… இல்ல, புரியுது. சிட்டு வேற, வீடு வேறன்னு நான் சொல்லக் கூடாது. ரெண்டையும் கலந்து கரைச்சது நான்தான். எடுத்துடறேன். நீங்களா வரணும்னு தோணறப்ப வாங்க. தோணலன்னா… தோணலன்னா பரவாயில்லன்னு சொல்ல வாய் வரல அண்ணி. ஆனா கூப்பிட்டு நச்சரிக்க மாட்டேன்.

வீட்டுக்கு வருவீங்கல்ல? ராத்திரி?… அது உங்க வீடு, ஆமா, நான் கேக்கறதே தப்பு. சரி.

ஞாயித்துக்கிழமையா?… அதே மேஜையிலயா. எல்லாரும் இருக்கறப்ப. பெரியப்பாவும் இருக்கணுமா?… அவரைக் கூப்பிடாம இருந்தா… இல்ல. இருக்கணும். அவர் சிரிச்சார், அவர் இருக்கணும். சொல்றேன். எழுதறப்ப முகம் தெரியாது அண்ணி, பட்டனைத் தட்டினாப் போயிடுது. அப்பா மூஞ்சியைப் பாத்துக்கிட்டு வாயால சொல்றதுன்னா… சொல்றேன். சொல்லித்தான் ஆகணும்.

இருங்க, யாரோ மாடியேறி வராங்க. அண்ணன்தான்னு நினைக்கறேன், சாப்பிடக் கூப்பிட… ஆமா, அவன்தான். கையில போனோட வரான். அறிவிப்பைப் பாத்துட்டான் போல, மூஞ்சி சரியில்ல.

என்ன அண்ணா?… ஆமா, நான்தான் எழுதினேன்… தெரிஞ்சேதான்… யாரும் சொல்லி எழுதல. இரு ஒரு நிமிஷம், அண்ணி லைன்ல இருக்காங்க.

அண்ணி, அவன்கிட்டக் குடுக்கவா?… வேணாமா?… சரி. அண்ணா, உன்கிட்டப் பேச வேணாங்கறாங்க… கையை நீட்டாத. வேணாம்னா வேணாம்.

என்ன அண்ணி?… அவன்கிட்டயா? இப்பவா? ஞாயித்துக்கிழமைன்னுதானே… சரி. போனை வைக்காதீங்க. நீங்களும் கேளுங்க.

அண்ணா, அந்தப் பக்கம் எல்லாம் போனது என்னால. அண்ணி எதுவும் பண்ணல. ஒவ்வொரு வெர்ஷனாப் போட்டுப் பாத்துட்டேன். அவங்க பாக்கறேன்னு சொன்னாங்க, நான் விடல. ஞாயித்துக்கிழமை அவங்க அதைச் சொல்ல வாயைத் திறந்தாங்க, நான் எல்லார் முன்னாடியும் அவங்களை அசிங்கப்படுத்தினேன்… ‘சரி விடு’ன்னு சொல்லாத. விட முடியாது. எப்பவும் நீ விடுன்னுதான் சொல்ற. சின்ன வயசுலேர்ந்து நான் எதை உடைச்சாலும், நீ ‘அவ சின்னப் பொண்ணு, விடு’ம்ப. எனக்கு அது ரொம்ப வசதியா இருந்துச்சு. உன் பொண்டாட்டி கிட்டயும் அதே வசதியை எடுத்துக்கிட்டேன். நீ அன்னைக்கு என் பக்கம் நின்ன. நிக்க வேண்டிய இடம் அது இல்ல அண்ணா. உன்னை அங்க கொண்டு போய் நிறுத்தினதும் நான்தான்…

அண்ணி, கேட்டுச்சா? நான் சரியாத்தான் சொன்னேனா?

அண்ணி?

ஹலோ… ஹலோ?

…

கட் ஆயிடுச்சு. எப்ப வச்சாங்கன்னு தெரியல. எது வரைக்கும் கேட்டாங்கன்னும் தெரியல… இல்ல அண்ணா, திரும்பக் கூப்பிட மாட்டேன். அவங்க கையில இப்ப ஒருத்தரோட வாய் திறந்திருக்கும்… எனக்கு எப்படித் தெரியும், ராத்திரி வந்தா நீயே அவங்களைக் கேளு. கேக்கறதுன்னா ஹால் விளக்கை அணைச்சுட்டுக் கேக்காத, அவங்க மூஞ்சியைப் பாத்துக் கேளு.

எங்க கிளம்பற? சோறு ஆறினா ஆறட்டும். உக்காரு. நான் இன்னும் சொல்லி முடிக்கல.